ஏழூர் சுற்றலாம், வாருங்கள்!

"அம்மா, இங்கே பாரேன். பொம்பளைங்க எல்லாம் மலை மேல ஓடறாங்க!"

மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். பனி மூடிய மலை, ஒற்றையடிப் பாதை, முதுகில் சின்ன மூட்டை. ஆணும் பெண்ணுமாகச் சாரி சாரியாக ஓடுகிறார்கள். ஏற்றம் வந்தால் ஓடுவதை விட்டுவிட்டு, ஊன்றுகோலை ஊன்றி நடக்கிறார்கள்.

"எதுக்காம் இத்தனை பாடு?" என்று கேட்டார் என் மாமியார்.

"சும்மாதான் பாட்டி. மலையைச் சுற்றி ஓடிவிட்டுக் கிளம்பின ஊருக்கே திரும்பி வரணும்."

"அட, நம்ம ஏழூர் மாதிரி!" என்றாரே பார்க்கலாம்!

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஆனால் மாமியார் சொன்னது எனக்குள் உட்கார்ந்துகொண்டது. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

அந்த ஊரும் அந்த ஓட்டமும்

மகள் காட்டியது பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கும் ஷமொனி என்ற ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரம்தான். நம் ஏற்காட்டை விடத் தாழ்வு. ஆனால் அதன் தலைக்கு மேலே 4,800 மீட்டர் உயரத்துக்கு மோன் பிளாங்க் என்ற பனிமலை நிற்கிறது. அந்த மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று மூன்று நாட்டின் வழியாக ஒரு பாதை போகிறது. நடந்து சுற்றுகிறவர்கள் பத்துப் பதினோரு நாள் எடுத்துக்கொள்வார்களாம். 2003-லிருந்து வருஷா வருஷம் ஆகஸ்டு கடைசியில் அதே மலையைச் சுற்றி ஓட்டப் பந்தயமும் நடக்கிறது. சுமார் 170 கிலோமீட்டர். ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் 10,000 மீட்டர். இதை முடிக்க இரண்டு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரமே கொடுக்கிறார்கள். அடேயப்பா!

இதில் ஒரு விஷயம் இளம் தாய்மார்களுக்கு. 2018-ல் இந்தப் பந்தயத்தில் சோஃபி பவர் என்ற ஆங்கிலேயப் பெண் ஓடினார். அப்போது அவருடைய கைக்குழந்தைக்கு வயது மூன்று மாதம். வழியில் இத்தாலிப் பக்கத்துத் தங்குமிடம் ஒன்றில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் ஓடி, 43 மணி நேரத்துக்கு மேல் ஆகிப் பந்தயத்தை முடித்தார். அவர் பால் கொடுக்கும் படம் உலகமெல்லாம் பரவியது. அதற்கு முன்னால் ஒரு தடவை, முதல் பிள்ளையை வயிற்றில் சுமந்தபோது, இதே பந்தயத்தில் கிடைத்த இடத்தை அவர் இழக்க வேண்டியிருந்ததாம். அடிபட்டவர்களுக்கு இடத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்பார்கள், கர்ப்பிணிக்குத் தள்ளி வைக்க மாட்டார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு எழுந்த பேச்சால் விதி மாறியது.

பச்சைக் குழந்தைக்காரி எல்லாரும் நாளைக்கே ஓடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பல வருஷம் ஓடிப் பழகியவர். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அங்கே அவளை யாரும் "எங்கே போறே?" என்று கேட்கவில்லை.

"எங்கே கிளம்பிட்டே?"

இந்தக் கேள்வியின் கனம் நம் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். நான் திருவையாற்றில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நாற்பத்து மூன்று வயதில், உடம்பு எப்போதும் அசதியாக இருக்கிறதே என்று ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.3 என்று வந்தது. 6.5 ஆனால் நோய் என்று பெயர் வைத்துவிடுவார்கள். "இன்னும் வாசல்படியில்தான் நிற்கிறீர்கள். தினமும் வேகமாக நடங்கள், சோற்றைக் குறையுங்கள், திரும்பி விடலாம்" என்றார் மருத்துவர்.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வுப்படி, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று வேளையும் சோறு சாப்பிடுகிற தஞ்சாவூர்க்காரர்கள் இதில் தப்ப முடியுமா? என் பாட்டி காலத்தில் ஆற்றுக்குப் போய்க் குளித்து, குடத்தில் தண்ணீர் சுமந்து, வயலுக்குக் கஞ்சி கொண்டுபோய், தின்ற சோறெல்லாம் கரைந்தது. இப்போது குழாய் வீட்டுக்குள் வந்துவிட்டது. அறுவடைக்கு இயந்திரம் வந்துவிட்டது. வேலை குறைந்தது நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வேலைகளோடு சேர்ந்து நடையும் போய்விட்டது.

சரி, நடப்போம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், நாலு வீட்டு வாசலில் நாலு கேள்வி. "எங்கே கிளம்பிட்டே?" "கடைக்கா?" "வீட்ல ஏதும் விசேஷமா?" வேலை எதுவும் இல்லாமல் ஒரு பெண் தெருவில் நடந்தால் அது வேடிக்கை. முதல் ஒரு மாதம் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையில் ஒரு துணிப்பையை மடித்து எடுத்துக்கொண்டு போனேன். "காய் வாங்கப் போறேன்" என்று பதில் சொல்ல! வெறும் பையைத் தூக்கிக்கொண்டு போய், வெறும் பையோடு திரும்பி வந்தேன். இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்று இல்லை.

அப்போதுதான் மாமியார் சொன்ன ஏழூர் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் காரணம் சொல்லாமல் நாள் முழுக்க நடக்கலாம் என்று ஊரே ஒத்துக்கொள்கிற ஒரு நடை உண்டென்றால், அது ஏழூர்தான்.

ஏழூர் என்றால்?

பங்குனிப் புனர்பூசத்தில் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் நந்திக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். 'நந்தி கல்யாணம், முந்திக் கல்யாணம்' என்று வயசுப் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்களே, அதுதான். அடுத்து சித்திரையில், புதுமணத் தம்பதியை அழைத்துக்கொண்டு ஐயாறப்பர் பல்லக்கில் ஏழு ஊர் சுற்றி வருவார். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் என்கிற திருநெய்த்தானம். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தன் பல்லக்கில் சேர்ந்துகொள்ளும். விடியற்காலையில் கிளம்பினால் மறுநாள்தான் ஐயாறு திரும்பும். கடைசியில் பொம்மை பூப்போடுகிற வைபவம்.

நந்தி கல்யாணத்துக்குப் பழனத்திலிருந்து பழம், சோற்றுத்துறையிலிருந்து சோறு, வேதிகுடியிலிருந்து வேதியர், கண்டியூரிலிருந்து ஆபரணம், பூந்துருத்தியிலிருந்து பூ, நெய்த்தானத்திலிருந்து நெய் வந்ததாகச் சொல்வார்கள். கல்யாணச் சீர் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய் நன்றி சொல்லிவிட்டு வருகிற நடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஷமொனிக்காரர்கள் வழிநெடுகத் தண்ணீரும் சாப்பாடும் வைத்திருப்பது போல, இங்கே வழிநெடுக நீர்மோரும் பானகமும் உண்டு. இது இன்றைய வழக்கமும் இல்லை. திருப்பழனத்துக்குப் பக்கத்தில்தான் திங்களூர். அங்கே அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தது பெரியபுராணக் கதை.

அந்த நாவுக்கரசர் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். கயிலை மலையைப் பார்த்தே தீருவேன் என்று நடந்தார். கால் தேய்ந்தது, கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்தது, மார்பால் தவழ்ந்தார். கடைசியில் ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி அசரீரி கேட்டது. அங்கே மூழ்கியவர் எழுந்தது எங்கள் திருவையாற்றுக் குளத்தில்! கயிலைக் காட்சி ஐயாற்றிலேயே கிடைத்தது. ஆடி அமாவாசையன்று இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். மலை தேடிப் போனவருக்கு மலையே இல்லாத எங்கள் ஊரில் காட்சி கிடைத்த கதையைக் கேட்டு வளர்ந்துவிட்டு, நடக்கப் பாதை இல்லை என்று நான் சொல்லலாமா?

துணுக்குத் துணுக்காக ஏழூர்

ஏழூரையும் ஒரே மூச்சில் சுற்ற வேண்டாம். நான் அதைத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டேன்.

தில்லைஸ்தானம்: சாமி கடைசியாக வரும் ஊரை நான் முதலில் வைத்துக்கொண்டேன். திருவையாற்றுக்கு மேற்கே சுமார் இரண்டு கிலோமீட்டர். போய்வர நாலு. புதிதாக நடக்கிறவர்களுக்கு இதுவே போதும். முதல் மூன்று மாதம் எனக்கு இது ஒன்றுதான்.

கண்டியூர்: தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டர். காவிரி, குடமுருட்டி இரண்டு பாலத்தையும் கடக்க வேண்டும். தஞ்சாவூர்ப் பேருந்து ஓயாமல் ஓடுகிற சாலை. அதனால் விடிந்ததும் போய்விட வேண்டும், எதிரே வண்டி வருவது தெரியும்படி சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும்.

பூந்துருத்தி: கண்டியூரிலிருந்து மேற்கே திருக்காட்டுப்பள்ளி சாலையில் மூன்று கிலோமீட்டர் அளவு. கண்டியூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து நடப்பேன்.

வேதிகுடி, சோற்றுத்துறை: இரண்டும் உள்ளடங்கின ஊர்கள். இருபுறமும் வயல், வாய்க்கால், மதகு, வாழைப் படுகை. வண்டித் தொல்லை குறைவு. கொஞ்சம் ஓடிப் பார்க்க ஆசைப்பட்டால் இந்தப் பாதைதான் சரி. ஆனால் ஆள் நடமாட்டமும் குறைவு. மூன்று நாலு பேராகப் போங்கள்.

பழனம்: கிழக்கே கும்பகோணம் சாலையில் மூன்று நாலு கிலோமீட்டர்.

மீதி இரண்டு துண்டுகள் ஆற்றைக் கடப்பவை. பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்கும், பூந்துருத்தியிலிருந்து தில்லைஸ்தானத்துக்கும் நேராகப் போக வேண்டுமானால் நடுவில் காவிரியும் குடமுருட்டியும் இருக்கின்றன. சித்திரையில் ஆறு மணலாகக் கிடப்பதால் பல்லக்கு அப்படியே இறங்கி ஏறும். மணலில் நடப்பது எங்கள் ஊர் மலையேற்றம்! கால் புதைந்து புதைந்து வர, கெண்டைச் சதை கெஞ்சும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். தண்ணீர் ஓடுகிற மாதங்களில் ஆற்றுக்குள் இறங்கும் எண்ணமே கூடாது. மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்கு அடியில் தெரியாது. பாலத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

படி ஏறிப் பழக வேண்டும் என்கிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சுவாமிமலை இருக்கிறது. பெயர்தான் மலை, அது கட்டுமலை. அறுபது வருஷத்தின் பெயரால் அறுபது படி. முழங்கால் ஒத்துழைத்தால் நிதானமாக இரண்டு தடவை ஏறி இறங்கலாம். அது பழகியபின் திருச்சி மலைக்கோட்டைக்குப் போகலாம். அங்கே நானூறு படிக்கு மேல்.

வேறு ஊர்ச் சகோதரிகள் "எங்களுக்கு ஏழூர் இல்லையே" என்று கவலைப்பட வேண்டாம். கும்பகோணம், சக்கரப்பள்ளி, மயிலாடுதுறைப் பக்கங்களிலும் இப்படி ஏழு கோயில் சுற்று உண்டு. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியிருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால் உங்கள் ஊர் ஏரிக்கரை இருக்கவே இருக்கிறது.

நடையா, ஓட்டமா?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, வாரத்துக்கு 150 நிமிஷ வேக நடை. அல்லது 75 நிமிஷ ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி. வேக நடை என்றால் எது? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் போதாது. பேச்சே வராவிட்டால் அதிகம்.

ஆல்ப்ஸ் மலையில் ஓடுகிறவர்களே ஏற்றத்தில் நடக்கிறார்கள் என்றேன் இல்லையா? அதுவே நமக்கும் பாடம். ஆறு வாரம் நடந்து பழகியபின், இரண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெல்லோட்டம் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மண் பாதையில் அடியைச் சின்னதாக வையுங்கள். கண் நாலு அடி முன்னால் இருக்கட்டும். நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே நிறுத்தி உட்கார்ந்து, உடனே மருத்துவரிடம் போங்கள். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, முழங்கால் வலி இருக்கிறவர்கள் கேட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி போடுகிறவர்கள் விரதம் என்று வெறும் வயிற்றோடு ஏழூர் நடந்துவிடாதீர்கள். சர்க்கரை திடீரென இறங்கிப் படபடப்பும் வியர்வையுமாக விழுந்துவிட நேரும். இடுப்பு முடிச்சில் கொஞ்சம் சர்க்கரையோ கற்கண்டோ இருக்கட்டும். வேண்டுதலே ஆனாலும் வெறுங்கால் வேண்டாம். சர்க்கரைக்காரர் காலில் முள் குத்தினால்கூடத் தெரியாது. வீடு திரும்பியதும் உள்ளங்காலைத் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கு

எங்கள் தெருவில் ஆறு மாதக் குழந்தைக்காரி ஒருத்தி, "நானும் வரேன் அக்கா" என்று ஒரு நாள் வந்தாள். பாதி வழியில் தயங்கி நின்றாள். ரொம்ப நேரம் கழித்து, "இருமினா, வேகமா நடந்தா, கசியுது அக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர். மாமியாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை.

எனக்கும் அப்படி இருந்ததே! நானும்தான் யாரிடமும் சொல்லவில்லை. பிரசவத்தில் இடுப்புக்கு அடித்தளமாக இருக்கும் தசைகள் தளர்ந்து போவதால் வருவது இது. அவமானம் இல்லை, சரி செய்யக் கூடியது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, தளர்த்த வேண்டும். பத்து தடவை, நாளைக்கு மூன்று வேளை. இதைச் சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. உட்கார்ந்து கீரை ஆயும்போது செய்யலாம். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும். தெரியாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள்.

பிரசவத்துக்குப் பின் மருத்துவர் சரி என்றதும் மெல்ல நடக்கலாம். ஓட்டம் மூன்று மாதத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். அறுவைப் பிரசவம் என்றால் இன்னும் நிதானம். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது. நடந்தால் பால் வற்றிவிடும், கெட்டுவிடும் என்பதெல்லாம் வீண் பயம். தண்ணீர் மட்டும் நிறையக் குடியுங்கள்.

காலமும் ஜாக்கிரதையும்

தை, மாசி எங்கள் பக்கத்தில் நடக்க அருமையான காலம். சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்தும் பயறும் பசேல் என்று இருக்கும். சித்திரை வெயிலில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் கரை எண்ணெய் தடவினது போல வழுக்கும்; அந்த இரண்டு மாதமும் தார்ச்சாலையோடு சரி. காலில் புண் இருந்தால் வயல் தண்ணீரில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும்.

இருட்டில் வரப்பில் நடக்காதீர்கள். கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி அங்கேதான் வரும். கையில் விளக்கு, காலில் மூடின செருப்பு வேண்டும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, 108-க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பையை வைத்துவிட்டு வாருங்கள்

ஒரு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தேன். 6.3 என்பது 5.8-ஆக இறங்கியிருந்தது. நடை மட்டும் காரணமில்லை. ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினேன், காபிக்குச் சர்க்கரையை விட்டேன். ஆனால் அதையெல்லாம் விடாமல் செய்யும் தெம்பு நடையில்தான் வந்தது. வாசல்படியிலிருந்து முழுக்கத் திரும்பிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். நடையை நிறுத்தினால் மறுபடி அதே படிதான்.

துணிப்பையை எப்போது விட்டேன் என்று கேட்கிறீர்களா? ஒரு நாள் மறந்து போய்க் கிளம்பிவிட்டேன். முனை வீட்டு மாமி வழக்கம் போல, "எங்கே கிளம்பிட்டே?" என்றார். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "நடக்கப் போறேன் மாமி" என்று உண்மையைச் சொன்னேன். மாமி ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "எனக்கும் முட்டி பிடிச்சுக்கிட்டு இருக்கு. பழனம் வரைக்கும் எல்லாம் வர மாட்டேன். ஆத்துப் பாலம் வரைக்கும் வரட்டுமா?" என்றார். இப்போது நாங்கள் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு வேகம். மாமி இன்னமும் பாலத்தோடு திரும்பிவிடுவார்.

நாளைக் காலையில் காபி குடித்ததும் நீங்களும் தெருவில் இறங்குங்கள், சகோதரிகளே. யாராவது கேட்டால், "நடக்கப் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் நாள்தான் நாக்கு குழறும்.